செத்த பறவையை முதலில் அப்புறப்படுத்த வேண்டும்

ராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் சாம்பார் என்றோர் ஏரி இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தமிழருக்கு அடுக்களை நினைவு வரும். ஆனால் அங்கே விளைவது உப்பு. கடலோடு தொடர்பில்லாமல் நாட்டின் உட்பகுதியில் அமைந்த உப்பு ஏரிகளில் இந்தியாவில் இதுவே பெரியது. ஐப்பசி பிறந்துவிட்டால் வடக்கே குளிர் தேசங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இங்கே வந்து இறங்கும். பங்குனி வாக்கில் திரும்பிப் போகும்.

2019-ஆம் ஆண்டு நவம்பரில் அப்படி வந்து சேர்ந்த பறவைகளில் சுமார் 18,000 அந்த ஏரியின் சேற்றிலேயே மடிந்தன. தட்டைவாயன் வாத்து, நெடுங்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி என்று பல இனங்கள் ஒன்றாகக் கிடந்தன. நவம்பர் 10-ஆம் தேதி வாக்கில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. முதலில் சில நூறு என்றார்கள். பிறகு ஆயிரத்தைத் தாண்டியது என்றார்கள். நாளுக்கு நாள் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்கும் நிலை வந்தது.

எங்கோ வடக்கே ஓர் ஏரியில் பறவைகள் செத்ததற்கும் இங்கே அரைக்காணி நிலத்தில் பாடுபடும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. தட்டைவாயனைக் கொன்ற நோய் பட்டி வாத்தையும் கொல்லும். கோழியைக் கொல்லும். வேறு வழியாக வந்து பசுவையும் கொல்லும். தவிரவும், சாம்பாரில் நடந்த ஒரு தவறு எந்தக் கிராமத்து வாய்க்காலிலும் நடக்கக் கூடியது.

உப்பா, காய்ச்சலா?

அந்தப் பறவைகளுக்கு வெளிக்காயம் எதுவும் இல்லை. முதலில் இறக்கை துவண்டு பறக்க முடியாமல் போயிற்று. அடுத்துக் கால் இழுத்துக்கொண்டது. பிறகு கழுத்து நிற்கவில்லை. நீரில் மிதந்த பறவை தலையைத் தூக்க முடியாமல் அந்த நீரிலேயே மூழ்கிச் செத்தது. அடி முழங்காலுக்கு எட்டாத தண்ணீரில் வாத்து மூழ்கிச் சாவது என்பது கேட்கவே விந்தையாக இருக்கும். இந்த நோயில் அதுதான் வழக்கம்.

பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்ற பயம் முதலில் எழுந்தது. மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்புக் கால்நடை நோய் ஆய்வு நிலையத்துக்குப் போயின. அந்தக் காய்ச்சல் இல்லை என்று பதில் வந்தது. ஏரி நீரில் உப்பு மிகுந்துவிட்டதோ, யாரேனும் நஞ்சு கலந்தார்களோ என்ற பேச்சும் நடந்தது. கடைசியில் பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம், நவம்பர் 21 வாக்கில், இது 'பாட்டுலிசம்' என்று உறுதி செய்தது. அதாவது ஒரு கிருமி உண்டாக்கும் நஞ்சு.

உப்பின்மேல் பழி போடுவது புதிதல்ல. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலும் பெரிய உப்பு ஏரி ஒன்று உண்டு. அங்கே 1910-ல் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அலெக்சாண்டர் வெட்மோர் என்ற பறவை நூல் வல்லுநர் போய் ஆராய்ந்து, மண்ணிலுள்ள காரமும் உப்புமே காரணம் என்று எழுதினார். அவர் பெரிய மேதை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் முடிவு நிற்கவில்லை. 1930-ல்தான் கால்ம்பாக் முதலியோர் இது பாட்டுலிசம் என்று நிரூபித்தார்கள். இருபது ஆண்டுகள் காரணம் தெரியாமலே பறவைகள் செத்துக்கொண்டிருந்தன. சாம்பாரில் பதினோரு நாளில் காரணம் தெரிந்துவிட்டது. விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது என்று மகிழலாம். ஆனால் அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

பிணமே தொழிற்சாலை

இந்தக் கிருமியின் முழுப்பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். ஏரிச் சேற்றிலும் மண்ணிலும் இது வித்தாக உறங்கிக் கிடக்கும். வெயிலோ வறட்சியோ அந்த வித்தைச் சாகடிப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். அது விழித்தெழுந்து பெருக மூன்று வேண்டும்: காற்றுப் புகாத இடம், இளஞ்சூடு, அழுகும் புலால். செத்த பிராணியின் வயிற்றுக்குள் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

நல்ல பறவை ஏரியில் மேயும்போது சேற்றோடு வித்தையும் விழுங்குகிறது. உயிரோடு இருக்கும்வரை அதனால் பெரும்பாலும் கெடுதி இல்லை. வேறு ஏதோ காரணத்தால் அது செத்தால், வயிற்றிலிருந்த வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கிறது. ஈ வந்து பிணத்தில் முட்டையிடுகிறது. புழு நெளிகிறது. புழுவுக்கு அந்த நஞ்சு ஒன்றும் செய்வதில்லை. அதைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பசியோடு வரும் வாத்துக்குப் புழுவைவிட நல்ல தீனி ஏது? இரண்டு மூன்று புழுவைத் தின்றாலே போதும், வாத்து படுத்துவிடும். அது செத்தால் அதன் உடலிலும் ஆயிரக்கணக்கில் புழு வைக்கும். இப்படி ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிறது.

பெரும்பாலான தொற்றுநோய்களில் நோயாளி உயிரோடு இருக்கும்போது நோயைப் பரப்புவான். இதில் செத்த பிறகுதான் பரப்புகிறது. உயிருள்ள வாத்து பக்கத்து வாத்துக்கு இதைத் தொற்ற வைப்பதில்லை. ஆகவே இந்த நோய்க்கு எதிராகச் செய்யக்கூடிய பெரிய காரியம், மருந்துப் பெட்டியில் இல்லை; குனிந்து பிணத்தைப் பொறுக்குவதில் இருக்கிறது.

சாம்பாரில் ஏன் அந்த ஆண்டு மட்டும் இவ்வளவு? அதற்கும் விளக்கம் உண்டு. 2019-ல் மழை நன்றாகப் பெய்து, பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிப் பரப்பெல்லாம் நீர் நிறைந்தது. நீரில் கூனி போன்ற சிற்றுயிர்கள் ஏராளமாகப் பெருகின. பிறகு நீர் வடிந்தது, உப்பு ஏறியது, கரையோரச் சிற்றுயிர்கள் செத்துக் குவிந்தன. கிருமிக்கு முதல் விருந்து அதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது பரேலி நிலையத்தாரின் கருத்து. அந்த நேரம் பார்த்துப் பறவைகளும் வந்து இறங்கின. நல்ல மழை பெய்த வருஷத்தில் கேடு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குளிர் காப்பாற்றுமா?

இந்த நோய் கோடையின் நோய் என்றுதான் பழைய நூல்கள் சொல்லும். பறவைகளைத் தாக்கும் 'சி' வகைக் கிருமி 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில்தான் செழித்து வளரும் என்பதும் உண்மையே. அதனால் கார்த்திகை, மார்கழியில் பறவை செத்தால் யாரும் இதை நினைப்பதில்லை. பறவைக் காய்ச்சல் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் ராஜஸ்தானத்து நவம்பரில் இரவுதான் குளிர். பகலில் வெயில் நன்றாகவே காயும். தமிழ்நாட்டுத் தை மாதமும் அப்படித்தான். பிணத்தின் உட்சூடு வேறு இருக்கிறது. புழுக்கூட்டம் நெளியும் இடத்தில் கையைக் கிட்டே கொண்டுபோனாலே அதன் வெதுவெதுப்புத் தெரியும். மேலும், குளிர் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே சுரந்துவிட்ட நஞ்சை அழிக்காது. கோடையில் செத்த பறவையின் நஞ்சு குளிர்ந்த சேற்றில் கெடாமல் இருந்து, பல மாதம் கழித்து வந்த பறவையைக் கொன்றதும் உண்டு.

குளிரிலேயே வளரும் வகையும் இருக்கிறது. வட அமெரிக்காவின் பேரேரிகளில் 'இ' வகைக் கிருமி அக்டோபர், நவம்பர் மாதங்களில் மீன் தின்னும் பறவைகளைக் கொல்கிறது. 3 டிகிரி குளிரிலும் இதனால் வளர முடியும். மிச்சிகன் ஏரியில் 1963-லும் 1964-லும் பல்லாயிரம் பறவைகள் செத்தன. பிறகு பெரிதாகப் பேச்சில்லை. 1999 முதல் ஈரி ஏரியிலும் அடுத்துள்ள ஏரிகளிலும் மறுபடி தலைகாட்டியது. கப்பல்களின் அடித்தண்ணீரோடு அயல் நாட்டுச் சிப்பியும் 'கோபி' என்ற சின்ன மீனும் அங்கே வந்து சேர்ந்திருந்தன. சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிய வைக்க, வெளிச்சம் அடிவரை போய்ப் பாசி மண்டியது. பாசி அழுகிய இடத்தில் காற்று அற்றுப்போய்க் கிருமி விழித்தது. அந்த நஞ்சு கோபி மீன் வழியாக 'லூன்' என்னும் பறவைக்குப் போயிற்று என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தண்ணீர் தெளிந்ததால் வந்த கேடு அது!

முடிவு வரும்வரை காத்திருப்பது சரியா?

இப்போது சாம்பாரின் பதினோரு நாளுக்கு வருவோம். காரணம் தெரியாமல் பிணத்தைத் தொடுவது ஆபத்து, பறவைக் காய்ச்சலாக இருந்தால் மனிதனுக்கும் பரவும், ஆகவே ஆய்வு முடிவு வரட்டும் என்பது அதிகாரிகள் பல இடங்களில் சொல்லும் நியாயம். இதைத் தள்ளிவிட முடியாது. வெறுங்கையோடு ஏழைக் கூலியாட்களைச் சேற்றில் இறக்கிவிட்டு, பிறகு காய்ச்சல் என்று தெரிய வந்தால் யார் பொறுப்பு?

ஆனாலும் இந்த நியாயம் பாதி தூரம்தான் செல்லும். பறவைக் காய்ச்சலாக இருந்தாலும் பிணத்தை அகற்றிப் புதைக்கத்தான் வேண்டும். பாட்டுலிசமாக இருந்தாலும் அதையேதான் செய்ய வேண்டும். பூச்சிமருந்து நஞ்சாக இருந்தாலும் அதே வேலைதான். விஷம் தின்ற பறவையை நாயும் பருந்தும் தின்னாமல் இருக்க வேண்டுமல்லவா? மூன்று நோய்க்கும் முதல் நாள் வைத்தியம் ஒன்றாக இருக்கும்போது, எந்த நோய் என்று தெரிவதற்காக வேலையை நிறுத்தி வைப்பதில் என்ன அர்த்தம்? பறவைக் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டு, கையுறை, முகமூடி, முழங்கால் செருப்பு எல்லாம் கொடுத்து முதல் நாளே இறங்கலாம். மாதிரி ஒரு பக்கம் சோதனைக்குப் போகட்டும். பிணம் இன்னொரு பக்கம் குழிக்குப் போகட்டும்.

அந்த முதல் நாளில் இறங்கக் கூடியவர்கள் யார்? தலைநகரிலிருந்து படை வந்து சேர நாளாகும். வந்தவர்களுக்கும் எங்கே கால் புதையும், எங்கே தரை கெட்டி என்று தெரியாது. கரையோர விவசாயிக்கும், உப்பள வேலையாளுக்கும், ஆடு மேய்ப்பவனுக்கும் அது உள்ளங்கை ரேகை. பறவை வழக்கத்துக்கு மாறாகக் கிடக்கிறது என்று முதலில் காண்பவனும் அவன்தான். ஆனால் இப்படிப்பட்ட சமயங்களில் அவனை 'கிட்டே வராதே' என்று விரட்டுவதும், போதாக்குறைக்கு நீதான் மருந்து வைத்தாயா என்று சந்தேகப்படுவதுமே வழக்கமாகிவிட்டது. அப்படியானால் அடுத்த தடவை அவன் எதற்கு வாய் திறப்பான்?

பறவைகள் வந்து தங்கும் ஒவ்வொரு பெரிய ஏரிக்கும் கரையோர ஊர்களில் இருபது முப்பது பேரைப் பெயர் எழுதி வைத்து, பழக்கிக் கொடுத்து, நாள் கூலியை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் முறை. ஐப்பசிக்கு முன்பே கையுறையும் சாக்கும் சுண்ணாம்பும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். பிணம் விழுந்த பிறகு விலைப்புள்ளி கேட்டு வாங்கினால், புழு அதற்குள் ஈயாகிப் பறந்திருக்கும்.

வாத்து வளர்ப்போருக்கு

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற பகுதிகளில் வாத்து வளர்ப்பவர்கள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராகப் பட்டியை ஓட்டிச் செல்கிறார்கள். சம்பா அறுவடைக்குப் பின் சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு நல்ல மேய்ச்சல். ஆனால் வழியில் ஒரு வாத்து செத்தால், அதை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் பட்டியை நகர்த்துவது பலருக்குப் பழக்கம். கோழிப்பண்ணைக்காரர் சிலர் செத்த கோழியை ஏரிக்கரையில் கொட்டுவதும் உண்டு. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், காக்காய் தின்றுவிடும் என்பது கணக்கு. அந்த வாய்க்கால் தேங்கும் மடையில் இன்னொருவர் பட்டி மேயும் என்பது கணக்கில் வருவதில்லை.

வாத்து கால் தள்ளாடி, இறக்கை தொங்கி, கழுத்துத் துவண்டு கிடந்தால், காரணம் ஆராய்வதற்கு முன் மற்ற வாத்துகளை அந்த வயலை விட்டு வெளியே ஓட்டிவிட வேண்டும். இது எல்லாவற்றுக்கும் முதல். அதன் பிறகு அந்த வயலில், வாய்க்காலில், வரப்போரப் புதரில் பிணம் ஏதாவது கிடக்கிறதா என்று தேட வேண்டும். பறவைதான் என்றில்லை, நாய், எலி, மீன் எதுவும் இருக்கலாம். கிடைத்ததைக் கையுறையோடு எடுத்து, அடியில் உள்ள புழுவையும் மண்ணோடு சுரண்டி, நீர்நிலைக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். சாக்கில் கட்டி மரத்தில் தொங்கவிடுவது புதைப்பதாகாது.

நோய் கண்ட வாத்துகள் எல்லாம் செத்துவிடும் என்று கைவிட வேண்டியதில்லை. கழுத்து இன்னும் நிற்கிற வாத்தை நிழலில் வைத்து, தலை மூழ்காத அளவு தட்டில் நல்ல தண்ணீர் வைத்தால், பெரும்பாலானவை சில நாளில் எழுந்துவிடும். தானாகக் குடிக்க முடியாததற்குச் சிறிது சிறிதாக வாயில் விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறிச் சாகும். நஞ்சு முறிக்கும் ஊசி மேல்நாடுகளில் உண்டு; கிராமத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊசிபோட்டுக் கிருமியைக் கொன்றாலும், உள்ளே போய்விட்ட நஞ்சுக்கு அது மருந்தாகாது. ஆதலால் கடைக்காரர் சொல்லும் மாத்திரைகளுக்குக் காசைக் கொட்டுவது வீண்.

கழுத்துத் துவள்வதெல்லாம் பாட்டுலிசம் ஆகிவிடாது. வாத்துக் கொள்ளைநோயிலும் வாத்து தள்ளாடும். குருணை மருந்து இட்ட வயலில் மேய்ந்தாலும் விழும். வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்கும் கழுத்துத் திருகும். எனவே கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும். செத்ததை வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது. அறுத்தாலும் இந்த நோயில் உறுப்புகளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ரத்த நீரைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பார்த்தே நஞ்சைக் கண்டுபிடிப்பது நெடுநாள் வழக்கம். சாகக்கிடந்த வாத்தை அறுத்து விற்பதும் தின்பதும் எந்த நிலையிலும் ஆகாது.

நோயின் பெயர் சரியாகத் தெரிவதால் விவசாயிக்கு இன்னொரு லாபமும் உண்டு. 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் கண்டபோது பல்லாயிரம் வாத்துகளை அழித்தார்கள். அந்த நோய்க்கு அது தேவைதான். பாட்டுலிசத்துக்கு அது தேவையில்லை. நல்ல வாத்தைக் கொல்வதால் இந்த நோய் அடங்காது. வெறும் வதந்தியை நம்பிப் பட்டியை அழிப்பதும், வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறானே என்று தள்ளிவிடுவதும் நடக்காமல் இருக்க, மாதிரி சோதனைக்குப் போவது அவசியம்.

பசுவின் கதை வேறு. தீவனத்தில் மணிச்சத்துக் குறைந்தால் மாடு எலும்பைத் தேடிக் கடிக்கும். அந்த எலும்பில் அழுகிய தசை ஒட்டியிருந்தால் அதே நஞ்சு அதன் உடலில் ஏறும். தென் ஆப்பிரிக்காவில் தைலர் என்ற கால்நடை அறிஞர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து கண்டார். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கத்தில் இதைக் 'கர்ரா' என்கிறார்கள். மாடு எலும்போ செருப்போ கடிக்கிறதென்றால் அது குறும்பு அல்ல. தாது உப்புக் கலவை கேட்கிறது என்று பொருள்.

ஏரிக்குள் வரும் நீர்

சாம்பார் ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளின் குறுக்கே மேலே பல தடுப்பணைகள் கட்டப்பட்டுவிட்டன. ஏரிப்படுகையிலும் சுற்றிலும் அனுமதியின்றி ஆழ்துளைக் கிணறு போட்டு உப்புநீரை உறிஞ்சுகிறார்கள். நீர்மட்டம் இயல்பாக ஏறி இறங்காமல், ஒரு வருஷம் காய்ந்தும் ஒரு வருஷம் நிறைந்தும் கிடக்கிறது. தடுப்பணை கட்டிய விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கும் பயிர் காய்கிறது. திருட்டு உப்பு எடுப்பவனை அப்படி விட்டுவிட முடியாது. யூட்டாவில் 1928-ல் சட்டமியற்றி, பேர் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் கரைகளும் மதகுகளும் அமைத்து நீரைக் கட்டுப்படுத்தினார்கள். அதனால் நோய் ஒழிந்துவிடவில்லை. 1952-ல் மேற்கு அமெரிக்காவில் 40 லட்சத்துக்கு மேல் நீர்ப்பறவைகள் இதனால் மடிந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் பிணம் பொறுக்கும் படகுகள் போகத்தான் செய்தன.

2024 அக்டோபர் கடைசியில் சாம்பாரில் மறுபடியும் பறவைகள் விழ ஆரம்பித்தன. இம்முறை தேடுவதும் அகற்றுவதும் சீக்கிரம் தொடங்கின. ஆளில்லா விமானத்தை விட்டும் தேடினார்கள். உயிரோடு கிடைத்ததைத் தனியே வைத்து வைத்தியம் பார்த்தார்கள். நோய் அதே பாட்டுலிசம்தான். சாவு ஆயிரக்கணக்கில் போகாமல் நூற்றுக்கணக்கோடு நின்றது. அந்த ஏரியில் இறங்கிச் சேற்றிலிருந்து பறவைகளைப் பொறுக்கிய ஆட்களுக்கு ஆண்டுதோறும் வேலை என்று எழுதி, கூலியையும் எழுதி வைத்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் யாரும் உத்தரவுக்காகக் கரையில் நிற்க வேண்டியிராது.